பூர்பூல் குட்டிக்குச் சோளக்களியும் கால்சியம் மாத்திரையும்

கேள்வி: ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டோங்காட் ஊர்ப் பக்கத்தில் கரும்பும் அவரையும் பச்சை மிளகாயும் போட்டிருக்கிறோம். பம்ப் இரண்டு முறை திருட்டுப் போனதால் காவலுக்கு பூர்பூல் என்ற பெரிய காவல் நாய் இனத்தில் ஓர் ஆண் குட்டி வாங்கினோம். இப்போது ஏழு மாதம், 42 கிலோ. மீலி மாவுக் (மக்காச்சோள மாவு) களியும் வேகவைத்த கோழிக் கழுத்தும் கொடுக்கிறோம். எலும்பு பலப்பட வேண்டும் என்று அப்பா மூன்றாம் மாதத்திலிருந்து கால்சியம் மாத்திரை தருகிறார். சதை பிடிக்க என் நண்பன் புரதப் பவுடர் கொடுத்திருக்கிறான். ஆனால் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைகின்றன. காலையில் எழும்போது நொண்டுகிறது. இன்னும் மூன்று வாரத்தில் புரட்டாசி. வீட்டில் ஒரு மாதம் மாமிசமே கிடையாது. அப்போது என்ன கொடுப்பது?

பதில்: தம்பி, கால்சியம் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். புரதப் பவுடரையும் எடுத்து வையுங்கள். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் முன்னங்கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நொண்டுவது தீவனத்தால் மட்டும்தான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது; மூட்டிலேயே கோளாறு இருக்கலாம்.

அப்பா அன்பினால் செய்தது எனக்குப் புரிகிறது. கன்றுக்கும் கோழிக்கும் சுண்ணாம்புச்சத்து கொடுத்துப் பழகியவர்கள் நாயையும் அப்படியே நினைப்பார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியின் குடல், மிகுதியாக வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தாது. வந்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எலும்பு முனைகளில் வளரும் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறாமல் குழம்பும். சின்ன இன நாய் இதைத் தாங்கிவிடலாம். முழு வளர்ச்சியில் அறுபது எழுபது கிலோவைச் சுமக்கப்போகும் பூர்பூலுக்குத் தாங்காது.

மறுபக்கமும் உண்டு. களியும் கழுத்தும் மட்டும் தின்னும் குட்டிக்குச் சத்துகள் எந்த அளவிலும் பொருந்தி வராது. ஆடிக்கூழ் காய்ச்சும் அதே மீலி மாவு வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாது. அதில் புரதம் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்குதான். அதிலும் லைசின் என்ற புரதக்கூறு குறைவு, கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. எலும்பில்லாத வெறும் இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். அதை மட்டும் தின்றால் உடம்பு தன் எலும்பையே கரைத்துக் கணக்கைச் சரிசெய்யும். வேகவைத்த கோழி எலும்போ கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். அதனால் இதில் ஒரு மாத்திரை, அதில் ஒரு கரண்டி என்று வீட்டில் அளவு பிடிப்பதை விட்டுவிடுங்கள்.

பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் முழுமையான உலர் தீவனத்தை வாங்குங்கள். பையைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி நாய்த் தீவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். 'வி' என்ற எழுத்தோடு பதிவு எண் அச்சிட்டிருக்கும். அது இல்லாத மூட்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கால்சியம் கிலோவுக்கு 10 கிராமை ஒட்டி இருக்கட்டும், 15ஐத் தாண்ட வேண்டாம். பாஸ்பரஸ் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பூஞ்சை வாடை வீசினால், ஈரம் பட்டிருந்தால், கொட்டிவிடுங்கள். சோளத்தில் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சு கலந்த உலர் தீவனத்தால் 2011இல் இந்த நாட்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் ஈரல் கெட்டு இறந்தன. பழைய மீலி மாவு நாய்க்கு ஆகும் என்று ஒதுக்கிவைக்கும் பழக்கமும் இதனாலேயே ஆபத்தானது.

42 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கிராமில் தொடங்குங்கள். தராசில் நிறுத்து, இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம். அளவு சரியா என்பதைக் குட்டியின் விலா சொல்லும். உங்கள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, மறு கையால் புறங்கையைத் தடவுங்கள். விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். மடக்கிய கைமுட்டியின் எலும்புபோல் துருத்தினால் தீவனம் போதவில்லை. உள்ளங்கையின் சதைபோல் மெத்தென்று இருந்தால் கூடிவிட்டது.

பூர்பூல் என்றாலே மலைபோல் நிற்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்பட்டு ஊட்டியதால் ஒரு வயதிலேயே இடுப்பு தேய்ந்துபோன நாய்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். அகன்ற மார்பும் தோளும் அதன் பரம்பரையில் இருக்கின்றன. ஒன்றரை இரண்டு வயதில் தாமாக வரும். அதுவரை மெலிந்த உடம்போடு மெதுவாக வளரட்டும். 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து இறுதிவரை கவனித்த ஓர் ஆய்வில், கூடப்பிறந்ததைவிடக் கால்பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பக்கி வண்டியின் (சிறு சரக்கு வண்டி) பின்னால் ஓடவிடுவதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

புரட்டாசிக்கு வருகிறேன். விரதத்தை நான் மதிக்கிறேன். என் வீட்டிலும் உண்டு. ஆனால் வளரும் குட்டியை ஒரு மாதம் சோற்றிலும் பருப்பிலும் விட்டால் வளர்ச்சியில் அந்த மாதம் திரும்பக் கிடைக்காது. சாம்பார் ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் இன்னும் கேடு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உலர் தீவனத்தில் இறைச்சி இருந்தாலும் அது உங்கள் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் வர வேண்டியதில்லை. உரம் பூச்சிமருந்து வைக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, வேறு கொட்டகையில் மூடியுள்ள வாளி, தனிக் கிண்ணம், அளக்க ஒரு டப்பா வையுங்கள். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். மாற்றத்தை இன்றே தொடங்குங்கள். முதல் மூன்று நாள் கால்பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால் என்று பத்து நாளில் முழுவதும் மாறினால் வயிற்றுப்போக்கு வராது. புரட்டாசி பிறக்கும்போது குட்டி பழகியிருக்கும்.

திராட்சை, சாக்லேட் வேண்டாம். சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த எதுவும் நஞ்சு. அந்தப் புரதப் பவுடரின் டப்பாவையும் படித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் மகடேமியா மரம் இருந்தால் உதிர்ந்த கொட்டையைத் தின்னவிடாதீர்கள். தின்ற சில மணி நேரத்தில் பின்னங்கால்கள் தள்ளாடும். குட்டி சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்தால் அது தீவனக் குறை அல்ல. உண்ணி பரப்பும் பிலியரி காய்ச்சலாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இன்னொன்று உயிர் பறிப்பது. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல், எச்சில் வடிய, வயிறு மத்தளம்போல் இறுகினால் நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாது. ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டாமல் பிரித்துக் கொடுப்பதும், தின்ற பிறகு ஒரு மணி நேரம் கட்டி ஓய்வு கொடுப்பதும் இதற்காகத்தான்.

மிளகாய் மூட்டை நிறுக்கும் தராசிலேயே குட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்பதையும் அந்த எடைகளையும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்து அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்கிறேன்.