கண் படிப்படியாகத்தான் உருவானது என்றால், பாதிக் கண்ணால் என்ன பயன்?

இந்தக் கேள்வியோடு சேர்த்து, "கூர்ப்பை ஏற்றுக்கொண்டால் கடவுளைக் கைவிடத்தான் வேண்டுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் உயர்தர வகுப்பில் (A/L) உயிரியல் படிக்கும் பிள்ளை என்றும், புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் வீட்டில் யாரோ வாக்குவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்றும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழையென்றால் மன்னியுங்கள். இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று: நாங்கள் கூர்ப்பு என்று சொல்வது நீங்கள் பரிணாமம் என்று சொல்வதைத்தான்.

பதினாறு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ் மொழிமூல உயிரியல் வகுப்பு நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் கூர்ப்பு அலகு தொடங்கும் கிழமையில் ஒரு பிள்ளை வகுப்பு முடிந்த பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கொண்டுவருவது இதே கேள்வியைத்தான். பெரும்பாலும் அது பிள்ளையின் சொந்தக் கேள்வியாக இருக்காது. அப்பாவோ மாமாவோ கேட்டனுப்பியதாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அது அத்தான் கேட்ட கேள்வி.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், கட்டட இன்ஜினியர். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எழும்பி நிற்கும் தொடர்மாடிகளில் சிலவற்றில் அவருடைய உழைப்பும் இருக்கிறது. அவர் வாதத்தை எப்போதும் இப்படித்தான் தொடங்குவார்: "நீர் ஒரு லொறி சீமெந்தும் ஒரு லொறி கம்பியும் கொண்டுவந்து கடற்கரையில கொட்டிவிடும். ஆயிரம் வருசம் பொறுத்திரும். ஒரு மாடிப்படியாவது வருமோ?"

இது லேசான வாதம் இல்லை. 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதையே கடிகாரத்தை வைத்துச் சொன்னார். வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்றுதானே நினைப்போம் என்றார். கண்ணையும் தன் வாதத்துக்கு எடுத்துக்கொண்டார். டார்வினே மாணவப் பருவத்தில் பேலியை விரும்பிப் படித்தவர்தான். ஆகவே இது முட்டாள்தனமான கேள்வி என்று யாராவது உங்களிடம் சொன்னால் கணக்கில் எடுக்காதீர்கள். நான் அத்தானுக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: சீமெந்து குட்டி போடாது. உயிர்கள் போடும். குட்டிகள் ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தால் ஒன்று கூடுதலாகப் பிழைத்தால், அது அடுத்த தலைமுறைக்கும் போகும். கொட்டிக் கிடக்கும் சீமெந்தில் இதில் எதுவுமே நடப்பதில்லை.

அதற்கு அவர், "சரி, அப்படியே இருக்கட்டும். பாதி கட்டின வீட்டில ஆர் குடியிருப்பது? பாதிக் கண்ணால ஆருக்கு என்ன பயன்?" என்பார். இந்த இடத்தில் பல வருடம் நான் தடுமாறியிருக்கிறேன். புத்தகப் பதில் தெரியும், ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கே அதில் உயிர் இருப்பதாகத் தோன்றாது.

2022 மார்ச்சில் அம்மம்மாவைப் பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்குக் கூட்டிவந்தோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பயந்து வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தார். முகம் தெரியாது, கையை நீட்டினால் விரல் தெரியாது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அந்த மாதம் இலங்கையில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின்வெட்டு நீண்டு நீண்டு மாதக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நாங்கள் இருப்பது நாலாம் மாடி. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் ஒரு நாள் பிந்தினாலும் கதவில் கடிதம் ஒட்டுவார்கள். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் தண்ணீர் மோட்டருக்கும் கீழ்மாடி விளக்குகளுக்கும் ஓடியது, லிஃப்டுக்கு மட்டும் ஓடவில்லை. எண்பத்தொரு வயது மனுசியை, கண் தெரியாத நிலையில், எட்டுத் தடவை அந்தப் படிகளில் ஏற்றி இறக்கினேன். கேட்டதற்கு டீசல் இல்லை என்றார்கள். டீசல் தட்டுப்பாடு உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நேரம் குறித்து ஓடவிட்டிருந்தால் நோயாளிகள் அந்த நேரத்தில் போய்வந்திருப்பார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மம்மா பகலில் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பார். யார் வாசலைக் கடந்தாலும் "ஆர் அது?" என்று கேட்பார். இரவில் குளியலறை விளக்கை எரியவிட்டால் அந்த வெளிச்சத்தை நோக்கித் தானாகவே நடந்து போவார். மின்சாரம் போனால் எழும்பவே மாட்டார். ஓர் இரவு மேசையில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு அத்தானும் நானும் இதே வாதத்தில் இருந்தோம். அத்தான் எழுந்து நின்று, கையை ஆட்டி, பாதிக் கண்ணுக்கு வந்துவிட்டார். மூலைக் கதிரையிலிருந்து அம்மம்மா, "தம்பி, வெளிச்சத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறீர், கொஞ்சம் அங்கால தள்ளும்" என்றார். அத்தான் தள்ளி நின்று தொடர்ந்து பேசினார். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

உறைத்தது கண் வைத்தியரிடம் போன அன்று. அவர் அம்மம்மாவின் ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணுக்கு நேரே சின்ன டோர்ச்சை மேலே, கீழே, இடம், வலம் என்று பிடித்து, "வெளிச்சம் எந்தப் பக்கம் அம்மா?" என்று கேட்டார். அம்மம்மா ஒவ்வொரு தரமும் சரியாகக் கையைக் காட்டினார். திசை தெரிகிறது, பின்னால் விழித்திரை வேலை செய்கிறது, சத்திரசிகிச்சை செய்தால் பார்வை வரும் என்றார் வைத்தியர். நான் கதிரையில் இருந்தபடி பிளனேரியா என்ற தட்டைப்புழுவை நினைத்துக்கொண்டேன்.

வைத்தியரின் அந்தக் கேள்விகளையே உயிரினங்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி, வெளிச்சம் இருக்கிறதா? தோலில் ஒளியை உணரும் சில கலங்கள் (செல்கள்) இருந்தாலே இதற்குப் பதில் கிடைக்கும். மேலே ஒரு நிழல் விழுந்தால் சுருங்கிக்கொள்ள அது போதும். இரண்டாவது, எந்தப் பக்கம்? அந்தக் கலங்கள் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் இறங்கி, பின்பக்கம் நிறப்பொருள் மறைத்தால் திசை தெரியும். பிளனேரியாவின் கண் அதுதான், அதை வைத்துக்கொண்டு இருட்டான பக்கமாக நகர்ந்து பிழைத்துக்கொள்கிறது. மூன்றாவது, என்ன உருவம்? கிண்ணம் ஆழமாகி வாய் சுருங்கினால் ஊசித்துளைக் கமெராபோல மங்கலாக ஓர் உருவம் விழும். நோட்டிலஸ் என்ற கடற்பிராணியின் கண்ணில் வில்லையே (லென்ஸ்) இல்லை, திறந்த துளைதான், கடல்நீர் உள்ளே போய்வரும். அதன் உறவுக்காரனான கணவாயின் கண்ணில் வில்லை இருக்கிறது. பாறையில் ஒட்டிக்கிடக்கும் லிம்பெட் என்ற நத்தையினப் பிராணியின் வெறும் குழியிலிருந்து கணவாயின் முழுக்கண் வரைக்கும், மெல்லுடலிகள் என்ற ஒரே கூட்டத்துக்குள்ளேயே இத்தனை படிகளையும் இன்றைக்கும் உயிரோடு பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் அந்தப் பிராணி குடியிருந்துகொண்டுதான் இருக்கிறது. அத்தானின் வீட்டு உவமை இங்கேதான் பொருந்தாமல் போகிறது.

"உன் அம்மம்மாவுடையது முழுக்கண், வில்லை மட்டும்தான் பழுதானது, அதை எப்படிப் புழுவின் கண்ணோடு ஒப்பிடுவாய்?" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். ஒப்பிடவில்லை. உருவம் தெரியாத பார்வையும் ஒருவரை வழிநடத்தும் என்பதை அவரிடம்தான் கண்ணால் கண்டேன், அவ்வளவுதான்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1994இல் நில்சன், பெல்கர் என்ற இருவர், ஒளியுணரும் தட்டையான ஒரு படலத்திலிருந்து மீனின் கண்போன்ற ஒன்று வரைக்கும் ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டுமே மாறுவதாக வைத்துக் கணித்தார்கள். 1829 படிகள் வந்தன. வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்தும் நான்கு இலட்சம் தலைமுறைக்குள் முடிந்தது. இது கணித மாதிரிதான், உண்மையில் நடந்ததன் பதிவு இல்லை. ஒளியுணரும் கலம் ஏற்கெனவே இருந்தது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், வாதத்தில் நேர்மை முக்கியம். கண்ணுள்ள விலங்குகள் 50 கோடி வருடத்துக்கும் முன்பே இருந்ததை உயிர்ச்சுவடுகள் காட்டுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த சான்று வில்லைதான். வில்லையில் நிறைந்திருக்கும் புரதங்கள் கண்ணுக்கென்று புதிதாக வந்தவை இல்லை. எங்கள் வில்லையிலுள்ள ஆல்பா கிரிஸ்டலின், வெப்பத்தில் மற்றப் புரதங்கள் குலையாமல் காக்கும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. வாத்தின் வில்லையில் லக்டேற் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியமே வில்லைப் புரதமாகவும் வேலை செய்கிறது. வீட்டில் இருந்த பழைய பலகையை எடுத்து யன்னல் செய்ததுபோல. பரம்பரையலகிலும் (ஜீன்) இப்படித்தான். 1995இல் வால்டர் கெரிங்கின் ஆய்வுகூடத்தில், கண் உருவாவதைத் தொடக்கிவைக்கும் எலியின் பரம்பரையலகைப் பழ ஈயில் வேறு இடங்களில் இயங்கச் செய்தார்கள். அங்கே கண் வந்தது. வந்தது எலியின் கண் இல்லை, ஈயின் கூட்டுக்கண். இதை வகுப்பில் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பழையதை எடுத்துப் புதியது செய்ததற்குக் காதிலிருந்தும் ஒரே ஒரு தகவல். நடுக்காதின் மூன்று சிறு என்புகளில் சம்மட்டியுருவும் பட்டடையுருவும் ஊர்வனவற்றின் தாடை மூட்டு என்புகளுக்கு ஒத்தவை என்று ரைக்கெர்ட் என்ற ஜெர்மானியர் பன்றிக் கருக்களைப் பார்த்துச் சொன்னது 1837இல். டார்வினின் புத்தகம் வந்தது 1859இல். ஆகவே டார்வினுக்காகப் புனைந்த கதை என்று அதைத் தள்ள முடியாது.

அத்தான் குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு காணொளி போட்டிருந்தார். கண் இயற்கைத் தெரிவால் வந்தது என்பது அபத்தமாகத் தோன்றுகிறது என்று டார்வினே எழுதிவிட்டார் என்று அதில் சொல்கிறார்கள். எழுதினார்தான். அதற்கு அடுத்த வரியிலேயே, படிப்படியான கண்கள் இருந்து, ஒவ்வொன்றும் அதையுடைய உயிருக்குப் பயன்படுவதாகக் காட்டமுடிந்தால் அந்தச் சிக்கல் உண்மையானதாகாது என்றும் எழுதினார். பாதியில் வெட்டி எடுத்துப் பரப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, அத்தான்மேல் இல்லை. அவருக்கு வந்ததை அனுப்பினார்.

அதே கோபம் எங்கள் பக்கத்திலும் சிலர்மேல் உண்டு. மாணிக்கவாசகர் புல்லாகவும் பூடாகவும் புழுவாகவும் பிறந்திளைத்ததைப் பாடியதை எடுத்து, டார்வினுக்கு முன்பே சைவம் கூர்ப்பைச் சொன்னது என்று மேடையில் முழங்குகிறார்கள். அது ஓர் உயிர் பல பிறவி எடுத்துக் களைத்து வீடுபேறு கேட்கும் பாட்டு. அதை உயிரியல் வினாத்தாளுக்கு விடையாக இறக்குவது பாட்டுக்கும் மரியாதை இல்லை, பாடத்துக்கும் மரியாதை இல்லை.

கடவுளைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலுக்குப் போகிறவன். அம்மம்மாவின் சத்திரசிகிச்சை அன்று காலையும் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனேன். கூர்ப்பின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதுவுமே விளங்காது என்று 1973இல் எழுதிய டொப்சான்ஸ்கி ஒரு விசுவாசக் கிறிஸ்தவர். 1996இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும் கூர்ப்பை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார். நம்பிக்கை இல்லாமல் கூர்ப்பை ஏற்பவர்களும் நிறையப் பேர், அவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. கண் எப்படி வந்தது என்று பரீட்சையில் கேட்டால் உயிரியலை எழுதுங்கள். கடவுள் இருக்கிறாரா என்று வீட்டில் கேட்டால் உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். ஒன்றுக்காக மற்றதை மறைக்கவேண்டாம்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள் அம்மம்மா பல்கனியில் நின்று, கடல் இவ்வளவு நீலமா என்று கேட்டார். முற்றிய புரை மஞ்சளும் கபிலமுமாகி நீல ஒளியைத்தான் அதிகம் மறிக்கும், அதனால் பலருக்கும் அப்படித் தோன்றும்.

அந்த ஞாயிறு அத்தானுக்கு ஒரு தாளில் இடப்பக்கம் கூட்டல் குறியும் அதிலிருந்து எட்டு சென்றிமீற்றர் வலப்பக்கம் தள்ளிக் கறுப்புப் புள்ளியும் போட்டுக் கொடுத்தேன். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டு தாளை மெல்லக் கிட்டக் கொண்டுவரச் சொன்னேன். ஏறக்குறைய ஓர் அடித் தூரத்தில் புள்ளி காணாமல் போகும். எங்கள் விழித்திரையில் நரம்புகள் முன்பக்கமாக ஓடி ஓர் இடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போகின்றன, அந்தக் குருட்டிடம் அது. கணவாய்க்கு நரம்பு பின்பக்கமாகவே போவதால் குருட்டிடம் கிடையாது. (எங்கள் அமைப்பு முழுக்க மட்டம் என்று நான் சொல்லவரவில்லை, விழித்திரையிலுள்ள முல்லர் கலங்கள் ஒளியை உள்ளே கடத்திக் கொடுக்கின்றன.) எங்கள் கண்ணும் கணவாயின் கண்ணும் வெவ்வேறு வழியால் வந்ததற்கான தடயம் அது என்றேன். நீங்களும் இன்றிரவு கேள்வி கேட்டவரோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள்.

அத்தான் தாளை மூன்று தரம் முன்னும் பின்னும் நகர்த்தினார். வாதத்தில் அவர் இறங்கிவரவில்லை, ஆனால் கணவாயின் கண்ணை வெட்டிக் காட்டும் நாளில் தன்னையும் வகுப்புக்குக் கூப்பிடச் சொன்னார். பிறகு அம்மம்மா தாளைக் கேட்டு வாங்கினார். புதுக் கண்ணால் குறியையே பார்த்து, மெல்லக் கிட்டக் கொண்டுவந்து, "எனக்கும் மறையுது" என்றார்.