எல்டன் ரிங் கோ-ஆப்: கேளுங்கள், சொல்கிறேன்

டார்க் சோல்ஸ் காலத்திலிருந்து, எல்டன் ரிங்கைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேரின் கேம்களை விடாமல் ஆடி வருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி முன்பின் தெரியாதவர்களின் பாஸ் (பெரிய எதிரி) சண்டைக்கு உதவியாளாகப் போவதில்தான் கழிகிறது. அதனால் கோ-ஆப் (ஒரே பக்கம் சேர்ந்து ஆடுவது) கேள்விகளுக்கு நீளமாகப் பதில் வரும், மற்றவற்றுக்கு முடிந்த அளவு. எல்டன் ரிங் கேள்விகளுக்கே முதலிடம்.

கேள்வி: நானும் தம்பியும் வேறு வேறு ஊரில், இருவரும் பிசியில் ஆடுகிறோம். அவன் சைன் (உதவிக்கு வரத் தயார் என்று தரையில் போடும் குறி) போட்டேன் என்கிறான், எனக்குத் தெரியவே இல்லை. என்ன தப்பு?

பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும். வரிசையாகப் பாருங்கள்.

அழைப்பவர் நீங்கள் என்றால் ஃபர்ல்காலிங் ஃபிங்கர் ரெமெடி என்ற பொருளைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அது இல்லாமல் மற்ற ஆட்டக்காரர்களின் சைன் கண்ணில் படாது. சர்ச் ஆஃப் எல்லேவில் இருக்கும் வியாபாரி காலேயிடம் 300 ரூனுக்கு (கேமின் பணம்) கிராஃப்டிங் கிட் வாங்கிக்கொண்டால், இரண்டு எர்ட்லீஃப் பூவில் ஒரு ரெமெடி செய்துகொள்ளலாம். இறந்துவிட்டால் அதன் பலன் போய்விடும், திரும்பவும் ஒன்று போட வேண்டும். பாதிப் பேர் சிக்குவது இங்கேதான்.

தம்பி டார்னிஷ்ட்ஸ் ஃபர்ல்டு ஃபிங்கர் என்ற பொருளால் சைன் போடட்டும். அது தொடக்கக் கல்லறையை விட்டு வெளியேறும் முன் ஒரு சடலத்தின் மேல் கிடக்கும். அவசரத்தில் பலர் எடுக்காமலே வெளியே போய்விடுகிறார்கள். அதே வரிசையில் டூயலிஸ்ட் ஃபிங்கர் என்று இன்னொன்றும் உண்டு. அது சண்டைக்கு அழைக்கும் சிவப்புச் சைன். உதவிக்கு வருவது தங்க நிறம்.

அப்புறம் மல்டிபிளேயர் மெனுவில் இருவரும் ஒரே பாஸ்வேர்டு கொடுங்கள். பாஸ்வேர்டு இல்லாவிட்டால் லெவலும், இதுவரை ஆயுதத்தை எந்த அளவுக்கு மேம்படுத்தியிருக்கிறீர்கள் என்பதும் பொருந்த வேண்டும். பாஸ்வேர்டு இருந்தால் அந்த வேலி இல்லை. லெவல் கூடிய விருந்தாளியின் பலத்தை உங்கள் அளவுக்குக் கேமே குறைத்துக்கொள்ளும்.

கடைசியாக, நீங்கள் நிற்கும் குகையின் பாஸை ஏற்கெனவே கொன்றிருந்தால் அங்கே யாரையும் அழைக்க முடியாது. தம்பிக்கு உதவ வேண்டும் என்றால் அவன் உலகத்துக்கு நீங்கள் போக வேண்டும்.

சேர்ந்த பிறகு குதிரை வராது, ஸ்பிரிட் ஆஷ் (துணைக்கு வரும் ஆவி) வராது, உதவிக்கு வந்தவரின் மருந்துக் குடுவைகள் பாதியாகும். பாஸ் செத்ததும் அவர் தன் உலகத்துக்குத் திரும்பிவிடுவார். இதெல்லாம் கோளாறு இல்லை, அமைப்பே அப்படித்தான்.

கேள்வி: என்னிடம் பிஎஸ்5, நண்பனிடம் பிசி. சேர்ந்து ஆடலாமா?

முடியாது. பிஎஸ்4-ம் பிஎஸ்5-ம் சேரும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் சீரிஸ் எக்ஸ், எஸ்ஸும் சேரும். பிசி பிசியோடு மட்டும்.

கேள்வி: இந்த வகை கேம் எனக்கு இதுதான் முதல். எந்த கிளாஸ் (தொடக்க வீரர் வகை) எடுக்கலாம்?

வேகபாண்ட். நல்ல கவசம், நல்ல கேடயம், தொடக்கத்திலேயே வைகர் (உயிரைக் கூட்டும் புள்ளி) அதிகம். தூரத்தில் நின்று அடிக்கப் பிடிக்கும் என்றால் சாமுராய், கையில் வில்லோடு தொடங்கலாம். கவசமே இல்லாமல் தொடங்கும் ரெட்ச் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

எதை எடுத்தாலும் ஒன்று: வைகரை ஏற்றுங்கள். 40 வைகரில் உங்கள் உயிர் 1450, 60-இல் 1900. அதற்கு மேல் 99 வரை கொண்டுபோனாலும் 2100தான். ஆகவே 60-ஐ எல்லையாக வைத்துக்கொண்டு, முதல் பாஸுகளைத் தாண்டும்போதே அதை நோக்கி நடக்க ஆரம்பியுங்கள்.

கேள்வி: மார்கிட் என்ற பாஸிடம் ஒரு வாரமாக மாட்டியிருக்கிறேன் அண்ணா.

அவன் முதல் பாஸ் மாதிரி நின்றாலும் முதலில் கொன்றாக வேண்டியவன் இல்லை. தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போய் அங்கே இருப்பதையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள். லெவலும் ஆயுதமும் ஏறியிருக்கும். மர்க்வாட்டர் குகையில் இருக்கும் பேட்சஸிடம் 5000 ரூனுக்கு மார்கிட்ஸ் ஷேக்கிள் கிடைக்கும், முதல் பாதியில் அவனைத் தரையோடு கட்டிப்போடும். மூடுபனிக் கதவுக்கு வெளியே ரோஜியரின் தங்கச் சைன் இருக்கும். அவர் கேமுக்குள்ளேயே இருக்கும் பாத்திரம் என்பதால் ரெமெடி தேவையில்லை. மார்கிட் கம்பை ஓங்கிவிட்டு நிறுத்தி நிறுத்தி அடிப்பான். ஓங்கும்போது உருளாதீர்கள், கை கீழே வரும்போது உருளுங்கள். வைகர் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. 20-க்குக் கீழே என்றால் முதலில் அதைக் கவனியுங்கள்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸும் பிசியும் சேருமா?

சேராது. மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: ஒரு நண்பனை அழைக்க இத்தனை பொருள், இத்தனை விதி எதற்கு? மெனுவில் ‘இன்வைட்’ என்று ஒரு பட்டன் வைத்தால் போதாதா?

நல்ல கேள்வி. இதன் வேர் 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸில் இருக்கிறது. இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி ஒரு பேட்டியில் அதற்கான காரணத்தைச் சொல்லியிருக்கிறார். கடும் பனி விழுந்த ஒரு மேட்டுச் சாலையில் முன்னால் போன கார் வழுக்கி நின்றுவிட்டது. பின்னால் வந்தவையும் ஏற முடியாமல் நின்றன. பிறகு பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைத் தள்ள, ஒவ்வொரு காராக மேடேறியது. அவர் காரும் ஏறிவிட்டது. ஆனால் நிறுத்தினால் மறுபடி சிக்கிக்கொள்ளும் என்பதால் இறங்கி நன்றி சொல்ல முடியவில்லை. வரிசையில் கடைசியாக இருந்தவர் ஏறினாரா என்ற நினைப்பு வீடு போகும் வரை அவரை விடவில்லையாம்.

அந்த உறவைத்தான் கேமுக்குள் கொண்டுவந்தார். முகம் தெரியாத ஒருவர் வருகிறார், உங்களோடு சேர்ந்து ஒரு இக்கட்டைத் தாண்டுகிறார், மறைந்துவிடுகிறார். கேமுக்குள் குரல் வசதியோ எழுதிப் பேசும் வசதியோ இல்லை. தலை வணங்கலாம், கை அசைக்கலாம். ப்ராட்லிங் பேட் வைத்திருந்தால் அது உங்களுக்காக ‘தேங்க் யூ’ சொல்லும். நண்பர்களோடு ஆடுகிறவர்களுக்கு இது தொந்தரவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டன் வைத்தால் அந்தத் தற்செயல் போய்விடும், எனக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி: ஆள் கூப்பிட்டு ஜெயிப்பது ஜெயிப்பே இல்லை. பாஸை நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை, வேறு யாரோ அடித்தார்கள், அவ்வளவுதான். இதை ஏன் ஊக்குவிக்கிறீர்கள்?

இதை நான் ஏற்கவில்லை. உதவி என்பது கேமை ஏமாற்ற வெளியிலிருந்து கொண்டுவந்த பொருள் அல்ல. பாஸ் கதவுக்கு வெளியே தங்கச் சைனை வைத்தவர்கள் அதைச் செய்தவர்களே. 2024-இல் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற விரிவாக்கம் வருவதற்கு முன் மியாசாகியே ஒரு பேட்டியில், தனக்கு வீடியோ கேம் நன்றாக ஆட வராது, கேம் தரும் எல்லா உதவியையும் எடுத்துக்கொண்டுதான் ஆடினேன் என்றார்.

கேலிட் பகுதியில் ரடான் என்ற பாஸின் சண்டையைப் பாருங்கள். நோய் தின்று அறிவிழந்த ஒரு பெரும் தளபதிக்கு வீரனுக்குரிய சாவு கிடைக்கட்டும் என்று அவன் கோட்டையிலேயே திருவிழா வைக்கிறார்கள். ஊர் ஊராக வீரர்கள் வந்து கூடுகிறார்கள். நீங்கள் மணல்வெளியில் இறங்கினால் பிளைட், அலெக்ஸாண்டர், பேட்சஸ் என்று சைன்கள் வரிசையாக மின்னுகின்றன. கூப்பிட்டுக்கொண்டே ஓடுகிறீர்கள், விழுந்தவரின் சைன் கொஞ்ச நேரத்தில் வேறிடத்தில் மறுபடி தெரிகிறது, திரும்பக் கூப்பிடுகிறீர்கள். ஒரு கூட்டமே சேர்ந்து ஒருவனை வழியனுப்புவதாகத்தான் அந்தக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது. தனியாகப் போய் வெல்லலாம், தடுப்பதற்கு யாரும் இல்லை. ஆனால் அந்தக் கதை உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது.

கேள்வி (மேலே கேட்டவரே): ரடான் விதிவிலக்கு. மலேனியா என்ற பாஸுக்கு என்ன சொல்கிறீர்கள்? மூன்று பேர் போய் அவளை அடித்தவர்களுக்கு அவளுடைய ஒரு அசைவுகூடத் தெரியாது.

மலேனியா விஷயத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். அவள் அடி யார்மேல் பட்டாலும், கேடயத்தில் தடுத்தால்கூட, அவளுக்கு உயிர் ஏறும். கூட்டமாகப் போனால் பாஸின் உயிரும் கூடும், அவள் அடித்து உயிர் ஏற்றிக்கொள்ள உடம்புகளும் கூடும். அங்கே அரைகுறையாக ஆடும் இரண்டு உதவியாளர்களைவிட ஒருவரும் இல்லாதது மேல். அவள் கவனம் யார்மேல் போகிறது என்று ஊகிக்க முடியாததால் அசைவைக் கற்பதும் கடினம். உண்மைதான்.

ஆனால் அதே மலேனியாதான் இந்தக் கேமின் மிக அழகான கோ-ஆப் கதையையும் தந்தாள். 2022-இல் தலையில் ஜாடி, உடம்பில் கோவணம் மாதிரி ஒரு துணி, இரு கையில் கட்டானா (ஜப்பானிய வாள்) என்று ஒருவர் அவள் கதவருகே சைன் போட்டுக் காத்திருந்தார். பெயர் லெட் மீ சோலோ ஹெர். அழைத்தவர்களை ஓரமாக நிற்க வைத்துவிட்டுத் தனியாகவே அவளை முடித்துக்கொடுப்பார். கேமை வெளியிட்ட பாண்டாய் நாம்கோ அவருக்கு ஒரு வாளே அனுப்பியது. அவரை அழைத்தவர்கள் என்ன செய்தார்கள்? நின்று பார்த்தார்கள். அவளுடைய வாட்டர்ஃபவுல் டான்ஸ் தாக்குதலிலிருந்து எப்படி விலகுவது என்று கண்ணெதிரே கண்டார்கள். அதுவும் கற்பதுதான்.

கேள்வி: மேலே வாதம் செய்பவருக்கு என் ஆதரவு. ஆடுபவரின் நகலாக வரும் ஸ்பிரிட் ஆஷ் மிமிக் டியரையும் சேர்த்துத் திட்டுங்கள்.

திட்ட மாட்டேன். வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கும், நாள் முழுக்க ஆடுகிறவருக்கும் ஒரே பாஸ்தான். ஒருவர் எப்படி வென்றார் என்பதை மற்றவர் அளக்கத் தேவையில்லை. தனியாக ஆடுவதில் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் மனதார ஆடுங்கள், அதற்கு மரியாதை உண்டு. புதிதாக வந்தவரைக் கூச வைக்காதீர்கள், கேட்டுக்கொள்வது அவ்வளவுதான். இந்த விவாதத்தை இத்தோடு விடுகிறேன், காத்திருக்கும் கேள்விகள் நிறைய.

கேள்வி: பிசியில் சீம்லெஸ் கோ-ஆப் மாட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) போடலாமா? பேன் (தடை) ஆகுமா?

முழுக் கேமையும் குதிரையோடும் ஸ்பிரிட் ஆஷோடும் நண்பர்களுடன் ஆட நினைப்பவர்களுக்கு அதுதான் வழி. அது தனி லாஞ்சரில் ஓடும், அதிகாரப்பூர்வ சர்வரோடு இணையாது, சேவ் ஃபைலையும் தனியாக வைத்துக்கொள்ளும். மாட் ஃபைலை வழக்கமான ஃபைலாக மாற்றிக்கொண்டு ஆன்லைன் போகாதீர்கள். அதைத் தொடும் முன் சேவ் ஃபோல்டரை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஆப்டேட்டாவுக்குள் ரோமிங்கில் எல்டன்ரிங் என்ற ஃபோல்டர். ஒரு நிமிட வேலை.

கேள்வி: பிஎஸ்5, பிசி கிராஸ்பிளே இருக்கா?

இல்லை. இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: என் லேப்டாப்பில் ஓடுமா?

குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், 3 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, 60 ஜிபி இடம். உங்களிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நண்பனை அழைத்த உடனே ஒரு சிவப்பு ஆள் வந்து கொன்றுவிட்டுப் போகிறான். இதை நிறுத்த முடியாதா?

கோ-ஆப் ஆடும்போது இன்வேடர் (உங்கள் உலகில் ஊடுருவும் எதிரி ஆட்டக்காரர்) வருவது அமைப்பின் பகுதி. துணை இல்லாமல் தனியாக ஆடும்போது, இன்வேடரை வரவழைக்கும் டாண்டர்ஸ் டங் என்ற பொருளை நீங்களாகவே போடாதவரை அவர் வர மாட்டார். வந்தால் சேர்ந்தே நில்லுங்கள், அவரைத் துரத்தி ஓடாதீர்கள். உங்களைப் பிரிப்பதுதான் அவர் வேலை. வொயிட் சைஃபர் ரிங்கைப் போட்டுவைத்தால் இன்வேடரை வேட்டையாடும் ஆட்டக்காரர்கள் உதவிக்கு வர வாய்ப்புண்டு. கேபிளைப் பிடுங்குவது வேண்டாம்.

கேள்வி: ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ வாங்கிவிட்டேன், உள்ளே போக வழியே தெரியவில்லை.

ரடான், மோக் என்ற இரண்டு பாஸுகளையும் கொன்றிருக்க வேண்டும். பிறகு மோக் சண்டை நடந்த இடத்தில் கூட்டிலிருந்து தொங்கும் காய்ந்த கையைத் தொடுங்கள். மோக்கிடம் சீக்கிரம் போக வாரே என்ற பாத்திரத்தின் கதையை முடித்து மெடல் வாங்குங்கள். மற்றவர் உலகில் ஊடுருவப் பிடிக்காதவர்களுக்கு அதில் கேம் பாத்திரத்தோடு மோதும் மாற்று வழியும் உண்டு. உள்ளே போனதும் ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடுங்கள். அங்கே பலத்தைத் தீர்மானிப்பது அவைதான்.

கேள்வி: எல்டன் ரிங் நைட்ரெய்ன் என்ற தனி கேமை இரண்டு பேர் ஆடலாமா?

2025 மே 30-இல் வந்தபோது ஒருவர் அல்லது மூவர் மட்டும். ஜூலை கடைசியில் வந்த அப்டேட்டில் இருவர் ஆடும் வசதி சேர்ந்தது. விழுந்த தோழரை எழுப்ப அவரை ஆயுதத்தால் அடிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: தனியாக ஆடும்போது இருக்கும் பயமும் அமைதியும், ஆள் சேர்ந்தால் போய்விடாதா?

கொஞ்சம் போகும். பக்கத்தில் ஒருவர் குரலில் பேசிக்கொண்டிருந்தால் காற்றும் தூரத்து ஊளையும் காதில் விழாது. பாறை மேட்டில் லத்தீனில் பாடிக்கொண்டிருக்கும் அந்தச் சிறகுப் பெண்களை நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும், குதிரையை நிறுத்திவிட்டு. ஆகவே இப்படிச் செய்யுங்கள்: திறந்தவெளியைத் தனியாகச் சுற்றுங்கள், பொருள்களின் குறிப்புகளைப் படியுங்கள், கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கோட்டைக்குள்ளும் பாஸ் கதவிலும் ஆளைக் கூப்பிடுங்கள். முகம் தெரியாதவராக இருந்தால் சூழல் கெடாது, அவரும் பேச முடியாதே.

கேள்வி: லெவல் 90, வைகர் 18. எல்லோரும் ஒரே அடியில் கொல்கிறார்கள். கேம் நியாயமே இல்லை.

வைகர் 18. முதலிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராயா லூகாரியா அகாடமியில் ரெனாலா என்ற பாஸை முடித்திருந்தால் லார்வல் டியர் என்ற ஒரு பொருளோடு அவரிடம் போய் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி பிரித்துக்கொள்ளலாம். வைகருக்கு 40 வைத்துவிட்டு அதே பாஸிடம் திரும்பப் போங்கள். அப்போதும் முடியாவிட்டால் எந்த பாஸ், என்ன ஆயுதம் என்று எழுதுங்கள், பார்ப்போம்.