நாலு கொம்பு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கிறது, டவரோ மலைக்கு அந்தப் பக்கம். சன்னல் திண்டில் ஒரு இடத்தில் போனை வைத்தால் நெட் வரும், நாலு விரல் தள்ளி வைத்தால் போய்விடும். நாலு விரலில் என்ன மாறிவிடும்? புதிதாக வாங்கிய ரவுட்டரில் நாலு கொம்பு இருக்கிறதே, அது அழகுக்கா?
– பேச்சிப்பாறை வாசகி

பதில்: நாலு விரலில் எல்லாமே மாறும். டவரிலிருந்து நேராக வரும் அலையை மலை மறைத்துவிடுகிறது. உங்கள் திண்டுக்கு வந்து சேருவது பாறையில் பட்டு, மரங்களில் சிதறி, பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் தட்டி, ஆளுக்கொரு வழியாக வரும் துண்டுகள்தான். தேங்காய்ப்பட்டணம் பக்கம் போனால் தூண்டில் வளைவுக் கல்லில் மோதித் திரும்பும் அலை, எதிரே வரும் அலையைச் சந்திக்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மேடும் மேடும் சேர்ந்தால் தண்ணீர் எகிறும், மேடும் பள்ளமும் சேர்ந்தால் அந்த இடம் மட்டும் அடங்கிவிடும். இதே கூத்துதான் உங்கள் திண்டிலும் நடக்கிறது, பெயர் ஃபேடிங். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 17 செ.மீ. அதில் பாதி நகர்ந்தாலே நல்ல இடம் கெட்ட இடமாகிவிடலாம், அந்தப் பாதிதான் உங்கள் நாலு விரல்!

இப்போது கொம்புக்கு வருவோம். இப்படி எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வரும்போது, சராசரி பலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே சிக்னல் விழுந்துவிட நூற்றுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கொஞ்சம் தள்ளி இன்னொரு ஆன்டெனா இருந்தால், அதுவும் அதே நொடியில் பள்ளத்தில் கிடக்கப் பத்தாயிரத்துக்கு ஒரு வாய்ப்புதான். ஆகவே கொம்பு அழகுக்கு இல்லை. ஆனால் விலை குறைந்த பல ரவுட்டர்களில் இரண்டு கொம்பு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் மற்ற இரண்டு 5-க்குமாக இருக்கும், நாலும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி நிமிர்த்தி வைக்காமல் ஒன்றிரண்டைச் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ப்ராஜெக்டுக்காக ரேலே ஃபேடிங்கில் (நேர் அலை இல்லாமல் சிதறல் மட்டும் வரும் பாதையில்) பிழை வரைபடம் போட்டேன். பவரைக் கூட்டக் கூட்ட ஒரு ஆன்டெனாவின் கோடு மெதுவாகத்தான் இறங்குகிறது, இரண்டு ஆன்டெனாவின் கோடு சரசரவென்று இறங்குகிறது. கைடு "டைவர்சிட்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.
– நாகர்கோவில் பொறியியல் மாணவர்

பதில்: தம்பி, வரைபடக் கோட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எண்களைப் பாருங்கள். ஃபேடிங்கே இல்லாத பாதையில் இரைச்சலைப் போல் 10 மடங்கு சிக்னல் இருந்தாலே போதும், ஒரு நேரத்தில் ஒரு பிட் அனுப்பும் பிபிஎஸ்கே முறையில் இரண்டரை லட்சம் பிட்டுக்கு ஒன்றுதான் தப்பும். ரேலே பாதையில் சராசரியாக 100 மடங்கு கொடுத்தும் 400-க்கு ஒன்று தப்புகிறது. சராசரி நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பள்ளத்தில் விழும் நேரங்கள்தான் மொத்தத்தையும் கெடுக்கின்றன. பவரைப் பத்து மடங்காக்கினால் பள்ளம் பத்தில் ஒன்றாகும், பிழையும் அவ்வளவுதான் குறையும். வாங்கும் பக்கம் இரண்டு ஆன்டெனா வைத்து, அதனதன் பலத்துக்கேற்ப எடை கொடுத்துக் கூட்டினால், அதே பத்து மடங்கு பவருக்குப் பிழை நூறில் ஒன்றாகிறது. அதே 100 மடங்கில் 50,000-க்கும் மேல் போனால்தான் ஒரு பிழை. ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது காப்பாற்றுகிறதே, அதுதான் கைடு சொன்ன டைவர்சிட்டி.

அனுப்பும் பக்கம் இரண்டு வைத்தாலும் இதே சரிவு கிடைக்கும். 1998-இல் அலமௌட்டி என்ற பொறியாளர் காட்டிய வழி அது: இரண்டு குறியீடுகளை இரண்டு நேரத்தில் இடம் மாற்றி, ஒன்றின் கூட்டல் கழித்தல் குறியை மாற்றி அனுப்புவது. பவரை இரண்டாகப் பங்கு போடுவதால் 3 டெசிபல் (அதாவது பாதி) நட்டம், பிழை 14,000-க்கு ஒன்று. போனில் இன்னொரு ஆன்டெனாவுக்கு இடம் தேட வேண்டாம், டவரில் வைத்தால் போதும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் வரைபடத்தில் இந்தக் கோட்டையும் அவசியம் சேருங்கள்.

கேள்வி: கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வள்ளத்தில் இருக்கும்போது டவர் முழுசாகக் காட்டுகிறது. நடுவில் ஒரு மறைப்பும் இல்லை. ஆனாலும் வீட்டில் வரும் வேகம் வரவில்லையே?
– குளச்சல் வாசகர்

பதில்: டவரில் கூட்டம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மறைப்பு இல்லாததும் ஒரு காரணம்! டவரின் இரண்டு ஆன்டெனாவிலிருந்து இரண்டு தகவலை ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். உங்கள் போன் அவற்றைப் பிரித்தாக வேண்டும். போனின் ஒரு ஆன்டெனா "கூட்டினால் 10" என்றும் மற்றது "கழித்தால் 4" என்றும் சொன்னால், 7-ம் 3-ம் என்று பிரித்துவிடலாம். ஊருக்குள் சுவரும் மரமும் அலையைக் கலைத்து, இப்படி வேறு வேறு கணக்காக்கித் தருகின்றன. வெறுங்கடலில் நேராக வரும் அலை போனின் இரண்டு ஆன்டெனாவிலும் ஒரே மாதிரி விழுகிறது. ஒன்று "கூட்டினால் 10" என்கிறது, மற்றது "இரண்டு மடங்கு கூட்டினால் 20" என்கிறது. இதில் எதைப் பிரிக்க? டவர்களில் ஆன்டெனாக்களை இடமும் வலமுமாக 45 டிகிரி சாய்த்து வைப்பதால் கடலிலும் இரண்டு தகவல் வரை தேறும், அதற்கு மேல் கஷ்டம். நாம் மலையையும் மரத்தையும் திட்டுகிறோம், ஆனால் ஆன்டெனா பலதாக இருக்கும்போது வேகத்தைப் பெருக்கித் தருவதே அவைதான்.

கடலிலும் ஃபேடிங் உண்டு. தண்ணீரில் பட்டு வரும் ஓர் அலை நேர் அலையை அறுக்கும், உயரம் மாறினால் அது மாறும். கடல் தாண்டிப் போகும் மைக்ரோவேவ் இணைப்புகளில் ஒரே கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு கிண்ணம் மாட்டுவது அதற்காகத்தான்.

கேள்வி: பல ஆன்டெனாவில் பல தகவலை ஒரே நேரத்தில் அனுப்பும் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் தமிழர் என்கிறார்களே, உண்மையா?
– தக்கலை வாசகர்

பதில்: உண்மைதான். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994-இல் கிடைத்தது, 2014-இல் மார்க்கோனி பரிசும் வந்தது. ஆன்டெனாவோடு சேர்த்து வேகமும் ஏறும் என்று பெல் ஆய்வகத்தின் டெலாட்டாரும் ஃபோஷினியும் கணக்குப் போட்டுக் காட்டியது அதற்குப் பிறகு, 1995, 96-இல். எனக்குப் பிடித்தது பால்ராஜின் பழைய வேலை. இந்தியக் கடற்படையில் இருந்தபோது கப்பலின் அடியில் பல உணரிகளைப் பொருத்தி, எந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தெடுக்கும் சோனாரைக் கொச்சியில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்.