மலையால் ஈர்க்கப்பட்ட செராமிக் கலைஞர், அந்த மலையைக் கலத்துக்குள் எப்படிக் கொண்டுவருகிறார்?

மலையின் உருவத்தைக் கலத்தின்மேல் வரைவார்களா, வேறு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இராயக்கோட்டைக்கு அருகில் சிறு பட்டறை ஒன்று வைத்து, ஸ்டோன்வேர் எனப்படும் உயர்சூட்டுக் கலங்களைச் செய்துவருகிறேன். மலையை வரைந்த காலத்தில் அது என் கலங்களுக்குள் வரவே இல்லை. பாறையை அரைத்துப் பூசத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

நான் தொழில் கற்றது புதுச்சேரியில். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து, உயர்சூட்டில் சுடும் முறை அந்த ஊரில் வேரூன்றியிருக்கிறது. ஊர் திரும்பிய முதல் மூன்று ஆண்டுகள், கோட்டை மலையின் முகட்டையும் உருண்டைப் பாறைகளையும் தூரிகையால் தட்டுகளில் தீட்டினேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், ஆனால் அது எந்த ஊர் மலை என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசிய கிளேஸ் கடையில் வாங்கிய பொடி, மண்ணும் வெளியூர் மண் என்னும்போது, கேட்காததில் வியப்பில்லை.

கிளேஸ் என்பது கலத்தின்மேல் உருகிப் படியும் கண்ணாடிப் படலம். கண்ணாடியாவதற்குச் சிலிக்காவும், வழிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அலுமினாவும், சூளையின் வெப்பத்திலேயே இவற்றை உருகவைக்கச் சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவையும் வேண்டும். நாம் பொதுவாகக் கிரானைட் என்று சொல்லும் பாறையில், சிலிக்காவாலான குவார்ட்ஸும், சிலிக்காவோடு அலுமினாவும் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த பெல்ஸ்பாரும்தான் பெரும்பகுதி. அதாவது, கால்சியம் நீங்கலாக மற்றவை எல்லாம் நம் மலையிலேயே இருக்கின்றன. பாறைத்தூளை மட்டும் பூசி 1280 டிகிரி செல்சியஸில் சுட்டால், கெட்டியான, மங்கலான பால்நிறத் தோல்போல அது நின்றுவிடும். குறைகிற கால்சியத்தைத் தருவது விறகுச் சாம்பல். இது மாந்தோப்புகள் நிறைந்த மாவட்டம் என்பதால், அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது விழும் கிளைகளே எனக்குப் போதும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிவிறுத்து, மெல்லிய சல்லடையில் சலிக்கிறேன். ஊறிய நீர் சோப்புத் தண்ணீரைப்போல வழுவழுப்பாக இருக்கும், கையை அரித்துவிடும், கையுறை கட்டாயம்.

பாறைத்தூளுக்காக முதலில் ஒரு கல் அறுக்கும் பட்டறையில் சேர்ந்த சேற்றை இரண்டு மூட்டை வாங்கிவந்தேன். அதைக் காயவைத்துப் பூசிச் சுட்டபோது, வெளிர்ப்பச்சைப் படலத்தில் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் வந்தன. மலைப்பாறையில் மினுங்கும் மைக்கா என்னும் கனிமம்தான் இப்படி வெளிப்படுகிறது என்று நம்பி, ஒரு சூளை நிறைய அதையே பூசினேன். அந்தப் பட்டறைக்குக் கல் எடுக்க வந்த ஒரு பெரியவர், என் வாளியில் காந்தத்தை விட்டு எடுத்துக் காட்டினார். கம்பளிப்பூச்சியின் முடிபோல இரும்புத்துகள் காந்தத்தைச் சுற்றிச் சிலிர்த்து நின்றது. கல்லை அறுக்கும்போது ரம்பத்துக்கு அடியில் எஃகுக் குருணையும் சுண்ணாம்பும் போடுவார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. புள்ளிகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் மலையின் பெயரால் ரம்பத்தின் இரும்பை விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குப் பிறகு, பட்டறைக்காரர்கள் ஒதுக்கும் துண்டுகளை நானே இடித்து அரைத்துக்கொள்கிறேன்.

எங்கள் மலைப்பாறைகளில் மழைநீர் இறங்கும் தடமெல்லாம் கருங்கோடுகளாகப் படிந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நீலப்பசும்பாசி வளர்ந்து காய்ந்த தடம் அது. மழை நனைத்ததும் இன்னும் கறுக்கும். சாம்பல் கலந்த கிளேஸின் இயல்பும் ஏறத்தாழ இதுவே. உருகியதும் ஓரிடத்தில் நில்லாமல் இழை இழையாக வழிந்து, மேட்டில் மெலிந்து பள்ளத்தில் தேங்கி நிறம் கூடும். ஆகவே சாடியின் தோளை வனையும்போது, நீர் எந்தப் பக்கம் இறங்கவேண்டும் என்று விரலால் மெல்லிய பள்ளம் வைக்கிறேன். கோடு போடும் வேலையைச் சூளை பார்த்துக்கொள்கிறது. அளவு மிஞ்சினால் கிளேஸ் அடிவரை ஓடிச் சாடியை வைத்த சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி இழந்த சாடிகள் ஏராளம்.

நிறத்தைப் பொறுத்தவரை எல்லாம் இரும்புதான். பாறையில் இயல்பாக உள்ள நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு, சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும்போது வெளிர்ப்பச்சையாகவோ நீலம் கலந்த சாம்பல் நிறமாகவோ மாறும். பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4200 ஆண்டுகள் பழமையானது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்த நாளில், அந்தப் பச்சை நிறக் கிண்ணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்களே செய்துபார்க்க விரும்பினால், பாறைத்தூளும் சாம்பலும் சம அளவில் தொடங்கி, பத்துப் பங்குக்கு ஒரு பங்காகக் கூட்டியும் குறைத்தும் சிறு வில்லைகளில் பூசிச் சுடுங்கள். அரைக்கும்போது முகக்கவசம் இல்லாமல் இருக்காதீர்கள், பாறைத்தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஒவ்வொரு வில்லையின் பின்புறத்திலும் கல் எடுத்த ஊரின் பெயரை எழுதிவையுங்கள். என் சுவரில் இராயக்கோட்டை, தளி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்றின் நிறம் மற்றொன்றில் இல்லை.