கடன், காணிக்கை, ஜாமீன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஆராதனை முடிந்தது, சாப்பாடும் ஆயிற்று, சாயங்காலம் வரை சும்மாதான் இருக்கிறேன், பண விஷயத்தில் வேதம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் கேளுங்கள் என்று போட்டேன். இத்தனை பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. என்னைத் தெரியாதவர்களுக்கு: வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பொருளாளர். ஐயர், அதாவது சபைப் போதகர், இல்லை, பிரசங்கியாரும் இல்லை. கடன், வட்டி, காணிக்கை இதற்குள் கேட்டால் பதில் உண்டு.

கேள்வி (தூத்துக்குடி): மச்சான் லாரி வாங்க லோன் போடுகிறார். என்னை ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். அவர் சபையில் மூப்பர், நல்ல மனுஷன். மறுத்தால் அன்பில்லாதவன் ஆகிவிட மாட்டேனா ஐயா?

போடாதீர்கள் தம்பி. நீதிமொழிகளில் இதைப் பற்றி ஒரு தடவை சொல்லிவிட்டு விடவில்லை. 6, 11, 17, 22 என்று அதிகாரத்துக்கு அதிகாரம் வருகிறது. ஆறாம் அதிகாரத்தில் பிணைப்பட்டவனைப் பார்த்து, தூங்காதே, இமையை மூடாதே, வேடன் கையிலிருந்து குருவி தப்புகிற மாதிரி தப்பு என்கிறது. 22:27 இன்னும் நேராகச் சொல்கிறது: கட்ட வழியில்லை என்றால் நீ படுத்திருக்கிற படுக்கையையே எடுத்துக்கொண்டு போவான்.

சட்டமும் அப்படித்தான். 1872 ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. வங்கி முதலில் மச்சானிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஓய்வு பெற்ற வாத்தியார்கள் சட்டைப் பையில் நோட்டீஸை நாலாய் மடித்து வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். "சாட்சிக் கையெழுத்துதானே சார் போட்டேன்?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதில் பாதிப் பேர் உறவுக்காரருக்குப் போட்டவர்கள், மீதிப் பேர் சபைக்காரருக்கு.

உதவ வேண்டும் என்றால் உங்களால் இழக்க முடிந்த தொகையைக் கையில் கொடுங்கள். திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். மூப்பர் பதவியை எந்த வங்கியும் அடமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி (பாளையங்கோட்டை): பவுல் ஒநேசிமுவுக்காக பிலேமோனிடம் ஜாமீன் நிற்கவில்லையா? யூதா பென்யமீனுக்குப் பிணை நின்றானே?

நல்ல கேள்வி. பிலேமோன் 18, 19 வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். அடிமை ஒநேசிமு தன் எஜமான் பிலேமோனுக்குப் பட்ட கடனை என் கணக்கில் வை என்கிறார் பவுல், அதோடு நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையால் எழுதியும் கொடுக்கிறார். யூதாவும் அப்படித்தான், ஆதியாகமம் 44-ல் நெருக்கடி வந்தபோது தம்பி பென்யமீனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்றான். கடன் முழுவதையும் நானே கட்டத் தயார் என்று நினைத்துப் போடுகிற கையெழுத்தை வேதம் குறை சொல்லவில்லை. நீங்கள் போடுவது அந்தக் கையெழுத்தா? 'ஒன்றும் ஆகாது' என்று போடுகிறீர்கள்.

கேள்வி (சென்னை): தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா?

எதிலிருந்து வேண்டுமானாலும் கொடுங்கள். மோசே காலத்தில் வருங்கால வைப்பு நிதி இல்லை. தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு இவற்றில்தான். வலைக்காரனின் மீனுக்கும் தச்சனின் கூலிக்கும் பத்தில் ஒன்று என்று மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தில் வசனமே கிடையாது. சம்பளக்காரருக்கு அது வழிகாட்டி அளவு, அவ்வளவுதான். 1 கொரிந்தியர் 16:2 வரவுக்குத் தக்கதாக என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கேள்வி (நாகர்கோவில்): எல்லை தாண்டிப் போகும்போது கேரளா லாட்டரி வாங்குவேன். விழுந்தால் பாதி கோயிலுக்கு என்று பொருத்தனை (நேர்த்தி) பண்ணியிருக்கிறேன்.

தமிழ்நாடு 2003-லேயே லாட்டரியை ஒழித்தது சும்மா இல்லை. ஆண்டவரைப் பங்காளியாகச் சேர்க்காதீர்கள். நீதிமொழிகள் 13:11 படியுங்கள்.

கேள்வி (சாத்தான்குளம்): எனக்கென்று வருமானம் இல்லை ஐயா. அவர் கொடுக்கிற வீட்டுச் செலவுப் பணம்தான். காணிக்கை போடுவதற்கு அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா, கூச்சப்படவே வேண்டாம். சோற்றுக்கு அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுகிற கைப்பிடி அரிசிக் காணிக்கையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிசோரம் பெண்கள் 1910 வாக்கில் இதைத் தொடங்கினார்கள், அந்த அரிசியை விற்ற காசில் மிஷன் ஊழியங்களே நடந்திருக்கின்றன. நம் பக்கத்திலும் கையில் காசு பார்க்காத பெண்கள் அப்படித்தான் கொடுத்தார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம், இந்தியப் பணம்தான் என்று முடிவு செய்தார்கள். அது யார் வீட்டுப் பணம் என்று நினைக்கிறீர்கள்? உங்களைப் போன்றவர்கள் அடுப்படியிலிருந்து கொடுத்ததும் அதில் உண்டு. 2 கொரிந்தியர் 8:12: இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்.

கேள்வி (கோவில்பட்டி): தசமபாகம், போனஸ் பணத்துக்கும் உண்டா? பிடித்தம் போகவா, போகாமலா?

சென்னைத் தம்பிக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி (ஊர் போடவில்லை): தெரிந்தவர்களுக்கு மூணு வட்டிக்குக் கொடுக்கிறேன். எல்லாரும் அஞ்சு, பத்து வாங்குகிறார்கள். விசுவாசி என்று குறைத்துத்தான் வாங்குகிறேன்.

மூணு வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு மூன்று, வருஷத்துக்கு நூற்றுக்கு 36. நெகேமியா 5-ஐ எடுங்கள். பஞ்சத்தில் ஜனங்கள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமையாகக் கொடுத்தாயிற்று. கடன் கொடுத்தவர்கள் வாங்கியது நூற்றுக்கு ஒன்று. அதை மாத வட்டியாகத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், அதாவது நம் கணக்கில் ஒரு வட்டி. அதைத்தான் தேசாதிபதியாக இருந்த நெகேமியா சபை கூட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தார். நீங்கள் அதைப்போல் மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு குறைத்து வாங்குகிறேன் என்கிறீர்கள்.

வியாபாரம் பண்ணப் பணம் கேட்கிறவனிடம் வட்டி வாங்குவது வேறு. தாலந்து உவமையிலேயே காசுக்காரர் வசம் போட்டு வட்டியோடு வாங்கிக்கொள்ளும் பேச்சு வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் ஓடி வருகிறவனிடம் வாங்குவதைத்தான் யாத்திராகமம் 22:25 தடுக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ல் தமிழ்நாட்டுச் சட்டமே பெயர் சொல்லித் தடுத்தவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (மதுரை, ஒரு போதகர்): பிரதர், நீங்கள் ஜனங்களைக் கொடுக்காதபடி கெடுக்கிறீர்கள். ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு 400 வருஷத்துக்கு முன்பே தசமபாகம் கொடுத்தான். மல்கியா 3 தேவனை வஞ்சிக்கிறவர்களைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது.

ஐயா, வாருங்கள், இந்தப் பேச்சு வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆபிரகாம் கொடுத்தது மாதச் சம்பளத்தில் இல்லை, யுத்தத்தில் பிடித்த கொள்ளையில். எபிரெயர் 7:4 அப்படியே சொல்கிறது. மீதிப் பங்கையும் அவன் வைத்துக்கொள்ளவில்லை, ஒரு செருப்பு வார்கூட வேண்டாம் என்று சோதோம் ராஜாவிடம் சொல்லிவிட்டான். அவனை முன்மாதிரியாக எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும்.

மல்கியாவுக்கு வருவோம். பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொன்னது எதற்கு? என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி. ஆலய வேலை பார்த்த, நிலமில்லாத லேவியன் சாப்பிட வேண்டும். நெகேமியா 13-ல் பங்கு கிடைக்காத லேவியர்கள் வயலுக்கு ஓடிப்போனார்கள். அதே மல்கியா முதல் இரண்டு அதிகாரத்தில் யாரைத் திட்டுகிறார்? ஆசாரியர்களை. அந்தப் பக்கத்தைப் பிரசங்கத்தில் நான் கேட்டது மிகவும் அபூர்வம். உபாகமம் 14:28, 29-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: மூன்றாம் வருஷத் தசமபாகம் லேவியனுக்கு மட்டுமில்லை, பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். உங்கள் சபையில் விதவைக்கு எவ்வளவு போகிறது என்று ஆண்டுக் கணக்கு வாசிக்கிறீர்களா? வாசித்தால் சந்தோஷம்.

அதே போதகர்: இவைகளையும் விடாதிருக்க வேண்டும் என்று இயேசுவே மத்தேயு 23:23-ல் சொன்னாரே? உங்கள் கருத்தா, ஆண்டவர் வார்த்தையா?

ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்தில், வெந்தயத்தையும் சீரகத்தையும்கூட எண்ணித் தசமபாகம் எடுத்து வைத்த பரிசேயர்களிடம் சொன்னது. அந்த வசனத்தின் கனமெல்லாம் அவர்கள் விட்டுவிட்ட நீதி, இரக்கம், விசுவாசத்தின் மேல் இருக்கிறது. நானும் பத்தில் ஒன்று கொடுக்கிறவன்தான் ஐயா, மற்றவர்களுக்கும் அதைத்தான் நல்ல தொடக்கம் என்று சொல்வேன். ஆனால் வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கொடுக்காவிட்டால் சாபம் என்று பயந்து போடுகிறார்கள். 2 கொரிந்தியர் 9:7 விசனமாயும் வேண்டாம், கட்டாயமாயும் வேண்டாம் என்கிறது. பயத்தில் கொடுத்தால் அது கட்டாயம்தானே?

கேள்வி (திருச்சி): நான் போதகர் ஐயா பக்கம். விதை விதைத்தால் நூறு மடங்கு அறுவடை என்பது என் வாழ்க்கையில் உண்மை. டிவி ஊழியத்துக்கு அனுப்பினேன், மூன்றே மாதத்தில் பதவி உயர்வு வந்தது.

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். அதே மாதம் அதே அளவு அனுப்பி, வேலை போனவர் எனக்குத் தெரிந்து இருக்கிறார். அவரை யாரும் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிடுவதில்லை. நூறு மடங்கு உவமையில் விதை வசனம், பணம் இல்லை. லாபம் எதிர்பார்த்துக் கொடுத்தால் அதற்கு முதலீடு என்று பெயர், அதற்குப் பங்குச் சந்தை இருக்கிறது. போதகரே, நீங்கள் இதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

போதகர்: விதைப்புக் காணிக்கை எனக்கும் உடன்பாடில்லை பிரதர். தசமபாகம் வேறு, அது வேறு.

சரி, ஒரு இடத்திலாவது சேர்ந்தோம்.

கேள்வி (பெங்களூர்): ஆலயக் கட்டுமானத்துக்கு ஐந்து லட்சம் பொருத்தனை பண்ணிவிட்டேன். ஊரில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் சொல்கிறார்கள். பொருத்தனைதானே முதலில்?

மாற்கு 7:9 முதல் 13 வரை. தாய் தகப்பனுக்குப் போக வேண்டியதைக் கொர்பான், காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கைகழுவியவர்களிடம் இயேசு எவ்வளவு கோபப்பட்டார் என்று பாருங்கள். அம்மா முழங்கால்தான் முதலில். ஐயரிடம் போய் விஷயத்தைச் சொல்லிப் பொருத்தனைக்குத் தவணை கேளுங்கள். கட்டடம் இரண்டு வருஷம் சிமெண்ட் பூசாமல் நின்றால் ஒன்றும் ஆகாது.

கேள்வி (ஆலங்குளம்): கனவில் பாம்பு மூன்று நாள் தொடர்ந்து வருகிறது...

நான் கணக்குக்காரன். ஐயரைப் பாருங்கள்.

கேள்வி (திருப்பூர்): ஐயா, தசமபாகம் டேக்ஸ் பிடித்த பிறகா...

மேலே இரண்டு தடவை.

கேள்வி (உடன்குடி): அறுப்பின் பண்டிகை ஏலம் சரியா, தப்பா? எங்கள் ஊரில் போட்டியாகப் போகிறது.

பொருளாளரிடம் கேட்கிறீர்கள், வயிறு எரியும். காணிக்கையாக வந்த பொருளை ஏலம் விடுவது தப்பில்லை, நல்ல சந்தோஷமான விஷயம்தான். ஒரு சீப்பு வாழைப்பழம் 2,000 ரூபாய்க்குப் போகும், எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள், கைதட்டு. அப்புறம் ஆகஸ்டில் ஆரம்பித்த பாக்கியை அடுத்த பாஸ்கா (ஈஸ்டர்) வரைக்கும் நான் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு திரிவேன். நோட்டில் அதற்குத் தனிப் பக்கமே இருக்கிறது. பழம் சாப்பிட்டாயிற்று, காசு வரவில்லை. மத்தேயு 5:37, உள்ளதை உள்ளதென்று சொல்லுங்கள். கையில் இருக்கிற அளவுக்கு ஏலம் கேளுங்கள், போதும்.

கேள்வி (விருதுநகர்): ஜாமீன் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துப் பயமாக இருக்கிறது. நண்பனுக்குப் போன வருஷமே போட்டுவிட்டேன். இரண்டு தவணை கட்டவில்லையாம்.

நீதிமொழிகள் 6:3 உங்களுக்குத்தான்: போய், உன்னைத் தாழ்த்தி, உன் சிநேகிதனை வருந்திக் கேள். இன்றைக்கே நேரில் போங்கள், போனில் பேசாதீர்கள். கடன் கொடுத்து முடிந்த பிறகு 'நான் விலகுகிறேன்' என்று வங்கிக்குக் கடிதம் எழுதினால் மட்டும் பொறுப்பு போகாது, ஆகவே அதை நம்பி உட்காராதீர்கள். வங்கியில் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நண்பன் வேறு ஜாமீன்தாரரையோ நகை, நிலம் போன்ற ஈட்டையோ கொண்டுவர, வங்கியும் ஒத்துக்கொண்டால், உங்களை விடுவித்ததாகக் கடிதம் வாங்குங்கள், வாய்ச்சொல் செல்லாது. அந்த இரண்டு தவணையை நீங்களே கட்டி நிறுத்த முடியுமானால் அதையும் யோசியுங்கள், கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் உங்கள் சிபில் என்கிற கடன் வரலாற்றுக் கணக்கிலும் அது ஏறும். கடனைப் புதுப்பிக்கிறோம், கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்று வங்கியில் மறுபடி ஒரு தாளை நீட்டினால் பேனாவைத் தொடாதீர்கள்.

கோயில் மணி அடித்தாயிற்று, நான் காணிக்கை எண்ணப் போக வேண்டும். தசமபாகக் கேள்வி இன்னும் நாலைந்து நிற்கிறது, சென்னைத் தம்பியின் பதிலைப் படித்துக்கொள்ளுங்கள்.