இவ்வளவு சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லையே?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான். இளைக்க வழி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எடை ஏறவே மாட்டேன் என்கிறது என்று வருபவரிடம் மட்டும் "உனக்கென்னப்பா, கொடுத்துவைத்தவன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் இந்தத் தடவை முழுக்க அவர்களுக்கே. நீண்ட கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வயது 24. உயரம் 175 செ.மீ., எடை 56 கிலோ. மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிடுகிறேன். எட்டு மாதமாக ஜிம்முக்கும் போகிறேன். ஒரு கிலோகூட ஏறவில்லை. சாப்பிடுவதெல்லாம் எங்கே சார் போகிறது?

பதில்: "வயிறு முட்ட" என்பது வயிற்றின் கணக்கு. எடைக்கு அந்தக் கணக்கு தெரியாது, அது கலோரியைத்தான் பார்க்கும். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரிதான் இருக்கிறது. மற்றபடி பெரும்பங்கு தண்ணீர். அரைக் கிலோ சோறு சாப்பிட்டு எழுந்தால் மூச்சு வாங்கும், ஆனால் உள்ளே போனது 650 கலோரி. அதே 650 கலோரியை 115 கிராம் நிலக்கடலை தந்துவிடும். காய்கறியும் பழமும் குவித்துச் சாப்பிடுகிறவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். நல்ல சாப்பாடுதான், ஆனால் கலோரி சேர்வதற்குள் வயிறு நிறைந்துவிடும்.

இன்னொன்று. ஒல்லியானவர்களிடம் ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதிவரச் சொன்னால், அடிக்கடி ஒரே கதைதான் வரும். ஞாயிறு மதியம் வெளுத்துக்கட்டியிருப்பார்கள், அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கும். திங்கள் காலை ஒன்றும் சாப்பிடாமல் ஓடியதும், புதன் இரவு பசியில்லை என்று அப்படியே படுத்ததும் கணக்கில் வராது. பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. மனசு அப்படித்தான் கணக்கு வைக்கும்.

எனவே முதலில் அளந்து பாருங்கள். ஏழு நாளுக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள், முடிந்தால் சின்னத் தராசில் எடை போட்டு. தினமும் காலைக்கடன் முடித்து, எதையும் சாப்பிடும் முன் உங்கள் எடையையும் பாருங்கள். ஒரு நாள் எடையை நம்பாதீர்கள், தண்ணீரும் உப்பும் மட்டுமே ஒரு கிலோவை இப்படியும் அப்படியும் ஆட்டிவிடும். வாரச் சராசரியைப் பாருங்கள். இரண்டு வாரச் சராசரி நகரவில்லை என்றால், இப்போது சாப்பிடுவது எவ்வளவாக இருந்தாலும் அது இருக்கும் எடையைக் காப்பாற்ற மட்டுமே போதுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் 300 முதல் 450 கலோரி கூட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120, ஒரு கைப்பிடி நிலக்கடலை 170, ஒரு பெரிய டம்ளர் பால் 150. அவ்வளவுதான், 440 வந்துவிட்டது. வயிற்றுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இரண்டு வாரம் கழித்தும் அசையவில்லையா, இன்னும் 200 கூட்டுங்கள்.

வாரத்துக்கு 150 முதல் 300 கிராம் ஏறினால் உங்கள் எடைக்கு அது நல்ல வேகம். அதற்கு மேல் வேகமாக ஏறினால் பெரும்பாலும் கொழுப்புதான்.

கேள்வி: அறை நண்பன் என்னைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறான். அவனுக்கு ஏறுகிறது, எனக்கு ஏறவில்லை. நான் எக்டோமார்ஃப், அதாவது பிறவியிலேயே ஒல்லி வகை, என்று ஜிம் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். என் உடல்வாகே இதுதானா?

பதில்: ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, அது கற்பனை இல்லை. 1990-ல் கனடாவில் கிளோட் பூஷார் குழுவினர் ஒத்த இரட்டையர் 12 ஜோடியை அழைத்துவந்து, வாரத்தில் ஆறு நாள் ஆளுக்குத் தினம் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். இப்படி மொத்தம் 84 நாள். ஒருவருக்கு 4.3 கிலோதான் ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. சாப்பாடு ஒன்றுதான், ஏறியதில் மூன்று மடங்கு வித்தியாசம். இரட்டையரில் அண்ணனுக்கு எவ்வளவு ஏறியதோ ஏறக்குறைய அவ்வளவுதான் தம்பிக்கும். பரம்பரை இதில் பேசுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தக் கலோரி எங்கே போகிறது என்பதற்கு 1999-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் லெவின் குழு ஒரு விடை கொடுத்தது. 16 பேருக்கு எட்டு வாரம், இதேபோல் தினம் 1000 கலோரி கூடுதல். சிலர் உடம்பு தன்னையறியாமல் அதிகம் அசைய ஆரம்பித்துவிட்டது. காலை ஆட்டுவது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது, போன் பேசும்போது நடப்பது என்று சின்னச் சின்ன அசைவுகள். இந்த வகையில் ஒருவர் நாளுக்கு 692 கலோரிவரை கூடுதலாகச் செலவழித்தார். அப்படிப்பட்டவர்கள் மேல் கொழுப்பு சேரவே இல்லை என்று சொல்லலாம். நீங்கள் காலாட்டுகிற ஆளா என்று அறை நண்பனைக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

சரி, இதனால் தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டுமா? பூஷார் ஆய்வில் எடை ஏறாத ஆளே கிடையாது என்பதைக் கவனியுங்கள். உங்களுக்குக் கூடுதல் தேவை 300-ல் முடியாமல் 700 ஆக இருக்கலாம், அவ்வளவுதான். எக்டோமார்ஃப் என்ற முத்திரையைத் தூக்கிப் போடுங்கள். 1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், உடல்வாகைப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பி வகுத்த பிரிவு அது. குணம் பார்க்கும் அந்த வேலை எடுபடவில்லை. பெயர் மட்டும் எப்படியோ ஜிம்முக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

கேள்வி: 58 கிலோ இருக்கிறேன். புரதம் எவ்வளவு வேண்டும்? வே புரோட்டீன் அவசியமா, மாஸ் கெய்னரா?

பதில்: எடைப் பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம். 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக இதற்கு மேல் போனவர்களுக்குத் தசையில் பெரிய லாபம் தெரியவில்லை. உங்களுக்கு நாளைக்கு 93 கிராம். கொஞ்சம் கூடினாலும் தவறில்லை, ஆனால் 200 கிராம் விழுங்குவதால் ஒன்றும் வராது. புரதம் மற்ற எல்லாவற்றையும்விட வயிற்றை அடைக்கும், பசி போய்விடும். எடை ஏற வேண்டியவர்கள் இதைச் செய்துவிட்டு என்னிடம் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று முட்டை 18, அரை லிட்டர் பால் 16, ஒரு கிண்ணம் வெந்த பருப்பு 18, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 31, அரைக் கிலோ சோற்றிலேயே 13. கூட்டிப் பாருங்கள், 96. கறி சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் 50 கிராம் உலர்ந்த சோயா துண்டு போடலாம், 26 கிராம் கிடைக்கும். இதற்கு நேரமில்லாத நாளில் வே புரோட்டீன் ஒரு ஸ்கூப் வசதி. மற்றபடி அது பாலிலிருந்து எடுத்த பொடிதான், மந்திரம் ஒன்றுமில்லை.

எடை ஏற்ற என்று விற்கும் மாஸ் கெய்னர் பொடி டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல பொடிகளில் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சீக்கிரம் கரையும் மாவுச்சத்து. பால், வாழைப்பழம், ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் நான்கையும் மிக்ஸியில் அடித்தால் அதைவிட நல்ல சரக்கு வீட்டிலேயே தயார்.

தசைக்குச் சட்டென்று ஆற்றல் கிடைக்க உதவும் கிரியேட்டின் பொடி பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நல்ல ஆதாரம் உள்ள சில பொருள்களில் அது ஒன்று. தினம் 3 முதல் 5 கிராம். முதல் சில வாரத்தில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ பெரும்பாலும் தசைக்குள் சேரும் தண்ணீர், அதைப் பார்த்துக் கொண்டாடிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டி, சிறுநீரகத்தில் கோளாறோ என்று பயமுறுத்தும். ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: வாரத்தில் ஆறு நாள், தினம் இரண்டு மணி நேரம் ஜிம். முடிந்ததும் 5 கிலோமீட்டர் ஓட்டம். சாப்பாடும் குறைவில்லை. கை மட்டும் அப்படியே இருக்கிறது.

பதில்: ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி மார்புக்கு மேல் பாரம் தூக்கும் பயிற்சி) எத்தனை கிலோ போட்டீர்கள்? இன்று எத்தனை? இதற்கு உடனே பதில் வராவிட்டால் கோளாறு அங்கேதான்.

சாப்பாடு தசையைக் கட்டுவதில்லை. கட்டுமானப் பொருளைக் கொண்டுவந்து இறக்குகிறது, அவ்வளவுதான். கட்டச் சொல்லி உத்தரவு போடுவது பாரம். அந்தப் பாரம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போக வேண்டும். பத்துக் கிலோ டம்பெல்லைப் பன்னிரண்டு தடவை தூக்கப் பழகிய கைக்கு, அதையே ஆண்டு முழுவதும் தூக்கினால் வளரக் காரணமே இல்லை. அதற்குத் தேவையான தசை ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை. ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், தோள் பிரஸ், ரோயிங், புல்-அப் என்று பெரிய தசைகளை ஒருசேர வேலை வாங்கும் பயிற்சிகளில் நில்லுங்கள். ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை, மொத்தம் பத்து செட் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) அளவில் வந்தால் தொடக்கக்காரருக்குத் தாராளம். செட் முடியும்போது இன்னும் ஒன்றோ இரண்டோதான் தூக்க முடியும் என்ற நிலை வர வேண்டும். சிரித்துக்கொண்டே இறக்கி வைத்தால் அது செட் இல்லை. இடையில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. இத்தனைக்கும் வாரம் மூன்று நான்கு நாள், ஒரு மணி நேரம் போதும். இரண்டு மணி நேரம் தாங்குகிறது என்றால் பெரும்பாலும் பாரம் குறைவு, இல்லை பேச்சு அதிகம்!

ஓட்டம் தசைக்கு எதிரி இல்லை. ஆனால் 5 கிலோமீட்டர் உங்களிடமிருந்து சுமார் 300 கலோரியை எடுத்துக்கொள்கிறது. ஆறு நாளைக்கு 1800. முதல் பதிலில் கூட்டச் சொன்னேனே, அதில் பெரும்பங்கை இது தின்றுவிடும். வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள், அல்லது அதற்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: சாப்பாடு இறங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு வாய்க்குமேல் திகட்டுகிறது.

பதில்: குடியுங்கள். மென்று விழுங்கும் 500 கலோரி வயிற்றில் வெகுநேரம் நிற்கும், அதையே பாலில் அடித்துக் குடித்தால் சீக்கிரம் இறங்கிவிடும். சாப்பாட்டுக்கு முன் நிறையத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துங்கள். மூன்று பெரிய வேளையை ஐந்து சின்ன வேளையாக்குங்கள், பசி வரும்வரை காத்திருக்காமல் மணியைப் பார்த்துச் சாப்பிடுங்கள். சில வாரத்தில் வயிறு பழகிவிடும். மனச்சோர்வினாலும் பசி போகும், சில மாத்திரைகளாலும் போகும். எதிலுமே நாட்டமில்லாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இரவு இரண்டு மணி வரை கேம். தூக்கம் ஐந்து மணி நேரம். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 2021-ல் வந்த ஒரு ஆய்வில், ஒரே ஒரு இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு மறுநாள் தசைப்புரதம் உருவாகும் வேகம் 18 சதவீதம் குறைந்தது. ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒரு மாத்திரை கொடுத்தார். பத்தே நாளில் அவருக்குக் கன்னம் உப்பி, எடையும் ஏறியிருக்கிறது. நானும் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தொடங்கிவிட்டீர்கள் என்றால் இன்றே மருத்துவரைப் பாருங்கள், பல வாரமாக எடுத்துவந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. சீட்டில்லாமல் கைமாறும் எடை மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருப்பது பழைய கதை. கன்னம் உப்புவது அதன் அடையாளம்தான். முகத்தில் சேர்வது நீரும் கொழுப்பும். கை கால் தசையை அது வளர்ப்பதில்லை, கரைக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், நோய் எதிர்ப்பு குறையும். இன்னொரு வகை, சைப்ரோஹெப்டடின். ஒவ்வாமைக்கான மருந்து, பக்கவிளைவாகப் பசியைத் தூண்டும், தூக்கத்தையும் கூடவே கொண்டுவரும். எழுதிக் கொடுக்க வேண்டியது மருத்துவர், தெரிந்தவர் அல்ல.

கேள்வி: நான்கு மாதத்தில் ஐந்து கிலோ ஏறிவிட்டது. ஆனால் எல்லாம் தொப்பையில்!

பதில்: எல்லாமே என்பது அநேகமாக உண்மை இல்லை. மாதத்துக்கு ஒரு முறை இடுப்பு, மார்பு, தொடை, புஜம் நான்கையும் டேப்பால் அளந்து குறியுங்கள். இடுப்பு மட்டும் ஏறினால் கலோரியில் 200 குறைத்து, நோட்டில் பாரம் கூடுகிறதா என்று பாருங்கள். நான்கும் ஏறினால் அப்படியே போங்கள். கொஞ்சம்கூடக் கொழுப்பே சேராமல் எடை ஏற்றுவது கடினம்.

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது. என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனாலும் நான்கு மாதத்தில் 51 கிலோவிலிருந்து 46-க்கு வந்துவிட்டாள். எந்தப் புரதப் பொடி வாங்கித் தரலாம்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். மேலே எழுதியவர்களுக்கும் உங்கள் தங்கைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் எப்போதும் ஒல்லி, ஏறவில்லை என்கிறார்கள். இவர் நன்றாகச் சாப்பிட்டும் குறைகிறார். முயற்சி எதுவும் இல்லாமல், ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் போனாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் போயிருக்கிறது, அதுவும் நான்கே மாதத்தில்.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, வெயில் தாங்காமை இருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரை. இளவயதில் முதல் வகை நீரிழிவு இப்படித்தான் வரும், இதில் நாளைக் கடத்தக் கூடாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு இரைப்பு சேர்ந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்குமேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல் என்றால் குடல் சத்தை உறிஞ்சாமல் விடுகிறதா என்று பார்ப்பார்கள், கோதுமையால் வரும் சீலியாக் நோயும் அதில் ஒன்று. குடற்புழுவையும் ஒதுக்க வேண்டாம். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தியெடுக்கிறாரா என்றும் சத்தமில்லாமல் கவனியுங்கள், அதட்ட வேண்டாம்.

இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். பொடிப் பேச்சை ரிப்போர்ட் வந்த பிறகு வைத்துக்கொள்வோம்.