உங்கள் சாட்டுக்கு எத்தனை சாவி?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மெசேஜ் ஆப்களைப் பற்றியவை. பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருக்கிறீர்கள். சரி, பெயர் இல்லாமலே பேசுவோம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் நான் எழுதுவதை அந்தக் கம்பெனி படிக்கிறதா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

நீங்கள் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் எழுதுவதை அவர்களால் படிக்க முடியாது, ஆனால் யாருக்கு எப்போது எழுதுகிறீர்கள் என்பது தெரியும். ஒரு வரி முடிந்தது, ஆனால் அதோடு விட மனம் வரவில்லை.

2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட செய்திகள் எல்லாமே எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷனில்தான் போகின்றன. செய்தியைத் திறக்கும் சாவி உங்கள் போனிலும் எதிரில் இருப்பவர் போனிலும் மட்டும் இருக்கும், நடுவில் உள்ள சர்வர் பூட்டிய பெட்டியை வாங்கிக் கொடுத்துவிடும், அவ்வளவுதான். இந்த முறையை உருவாக்கியவர்கள், சிக்னல் என்ற இன்னொரு மெசேஜ் ஆப்பைச் செய்தவர்கள். ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் விலாசம் மறைவதில்லை. நடுராத்திரி ஒரு மருத்துவமனைக்கு ஒரு செய்தி, காலையில் ஒரு வக்கீலுக்கு, அடுத்த நிமிடம் அக்காவுக்கு என்று போயிருந்தால், உள்ளே ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல் பாதிக் கதையை ஊகித்துவிடலாம்.

இதைக் குறைக்க முடியாதா என்றால், முடியும். 2016இல் அமெரிக்காவில் ஒரு கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழு) விசாரணைக்காக சிக்னலிடம் பயனர் விவரங்களைக் கேட்டார்கள். சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டு தகவல்தான்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக சர்வரோடு இணைந்த நாள். மறைத்துவிட்டுக் கொடுத்ததல்ல, மற்றதை அவர்கள் சேமித்தே வைக்கவில்லை. ஒரு ஆப்பை எடை போட வேண்டுமென்றால் எதையெல்லாம் பூட்டுகிறது என்பதோடு எதையெல்லாம் சேர்த்து வைக்கிறது என்றும் பாருங்கள்.

அப்புறம் பேக்கப். கிளவுடுக்குப் போகும் காப்பி தானாக இந்தப் பூட்டுக்குள் வராது. 2021 அக்டோபரில் வாட்ஸ்அப் பேக்கப்பையும் பூட்டும் வசதியைக் கொண்டுவந்தது, ஆனால் செட்டிங்ஸில் போய் நீங்களேதான் ஆன் செய்ய வேண்டும். பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ கொடுக்கும்படி இருக்கும். அதைத் தொலைத்துவிட்டால் கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது, எனவே காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. குழந்தைகளைச் சீரழிப்பவர்களும் இந்தப் பூட்டுக்குள்தானே ஒளிகிறார்கள்? போலீசுக்கு மட்டும் ஒரு தனிச் சாவி கொடுத்தால் என்ன தவறு?

உங்கள் கோபம் நியாயமானது. பூட்டால் சில விசாரணைகள் தடைபடுகின்றன என்பதும் உண்மை, அதை மழுப்ப நான் தயாரில்லை. ஆனாலும் தனிச் சாவி வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் இது வெறும் கொள்கைச் சண்டை இல்லை, ஏற்கெனவே நடந்து பார்த்தாயிற்று.

2004-05இல் கிரீஸில் வோடஃபோன் நெட்வொர்க்கின் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று இருந்த வசதியை யாரோ ரகசியமாக இயக்கி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சை மாதக்கணக்கில் கேட்டார்கள். போலீசுக்காக வைத்த கதவு, வேறு யாரோ நுழைந்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்து, 2024இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சால்ட் டைஃபூன் என்று அழைக்கப்படும் சீன ஹேக்கர்கள் புகுந்தபோது, கோர்ட் உத்தரவுப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகள் வரை அவர்கள் கை நீண்டது. அந்த டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளே, என்க்ரிப்ஷன் உள்ள ஆப்களைப் பயன்படுத்துங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். நல்லவர் கையில் மட்டும் திரும்பும் சாவியை இதுவரை யாரும் செய்யவில்லை, ஒரே சாவி கோடிக்கணக்கான வீடுகளைத் திறக்கும் என்றால் அதைத் திருட எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சாவி வேண்டாம், பூட்டுவதற்கு முன் போனிலேயே படங்களைச் சோதித்துவிடலாமே என்று இன்னொரு யோசனை உண்டு. கிளவுடுக்கு ஏற்றும் படங்களை அப்படிச் சோதிப்பதாக ஆப்பிள் 2021 ஆகஸ்டில் அறிவித்தது, எதிர்ப்புக்குப் பிறகு 2022 டிசம்பரில் கைவிட்டது. இந்தச் சோதனைகளில் என்ன தவறு நடக்கும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2021இல் அமெரிக்காவில் ஒரு தகப்பன், சின்ன மகனின் அந்தரங்க உறுப்பில் வீக்கம் கண்டு, மருத்துவமனை கேட்டபடி போனில் படமெடுத்து அனுப்பினார். படம் தானாக கூகுள் கிளவுடுக்குப் போனது, அங்கிருந்த சோதனைக் கருவி அதைக் குற்றம் என்று குறித்தது, கணக்கு மூடப்பட்டு விசாரணையும் வந்தது. போலீஸ் அவர்மேல் குற்றமில்லை என்றது. கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. பல வருட ஈமெயில், போன் நம்பர், மகனின் முதல் வருடங்களின் படங்கள் எல்லாம் போய்விட்டன.

அப்படியானால் குழந்தைகளை யார் காப்பது? நடுவழியை உடைப்பதை விட்டுவிட்டு, அனுப்புபவர், பெறுபவர் என்ற இரண்டு முனைகளில் வேலை செய்ய வேண்டும். 2020இல் ஐரோப்பியப் போலீஸ், குற்றக் கும்பல்கள் பயன்படுத்திய என்க்ரோசாட் என்ற ரகசிய போன் நெட்வொர்க்குக்குள் புகுந்து அந்தக் கருவிகளிலிருந்தே செய்திகளை எடுத்தது, அதைத் தொடர்ந்து கைதானவர்கள் 6,500க்கும் மேல். உலகத்தில் உள்ள மற்ற எல்லார் பூட்டும் அப்படியே இருந்தது. அந்த நடவடிக்கை மீதும் நீதிமன்றங்களில் கேள்விகள் எழுந்தன, எழவும் வேண்டும், ஆனாலும் குறிவைத்துத் தேடுவதற்கும் எல்லார் வீட்டையும் சோதனை போடுவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

வகுப்பில் நீங்கள் சொல்லித்தர வேண்டியது ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றி ரிப்போர்ட் செய்தால், அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வரை கம்பெனிக்குப் போகும், அனுப்பியவருக்குத் தெரியாது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, சாவி வைத்திருக்கும் ஒருவரே திறந்து காட்டுகிறார். பயத்தில் குழந்தைகள் செய்வது நேர் எதிர், சாட்டையே அழித்துவிடுகிறார்கள், ஆதாரமும் கூடவே அழிந்துவிடுகிறது. "அழிக்காதே, பதில் போடாதே, அப்படியே கொண்டுவந்து என்னிடம் காட்டு" என்று அடிக்கடி சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. அவளுக்குத் தெரியாமல் போனில் ஒரு கண்காணிப்பு ஆப் போட்டு சாட்டுகளைப் படிக்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவாக எனக்கு அந்த உரிமை இல்லையா?

உரிமையை அப்புறம் பேசுவோம், முதலில் அந்த ஆப் என்ன செய்யும் என்று பாருங்கள். மகளின் போன் திரையில் வருவதையெல்லாம் எடுத்து, முகம் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வரில் கொண்டுபோய் வைக்கும். அவள் எழுதியது மட்டுமில்லை, அவளை நம்பி அவள் தோழிகள் எழுதியதும் அனுப்பிய படங்களும் சேர்த்து. எம்ஸ்பை என்ற இப்படிப்பட்ட ஆப்பின் தகவல்கள் 2015, 2018, 2024 என்று மூன்று முறை வெளியே கசிந்தன. மகளைக் காக்கப் போய் அவள் அந்தரங்கத்தை நீங்களே தெருவில் வைத்துவிடக் கூடாது.

இப்போது அப்பாவின் உரிமை. என் கருத்தைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. இந்த ஆப்பை அவள் ஒருநாள் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்ததும் தோழியின் போனில் இன்னொரு கணக்கு திறப்பாள், அதன்பின் ஏதோ ஒருவன் "ஒரு போட்டோ அனுப்பு" என்று கேட்டு மிரட்டும் நாளில் உங்களிடம் வரமாட்டாள். அந்த ஒரு நாளில் அவள் உங்களிடம் வருவதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, போன் அவள் கையிலேயே இருக்கட்டும், செட்டிங்ஸில் பிரைவசியைத் திறக்கச் சொல்லுங்கள். குரூப்பில் யார் சேர்க்கலாம், புரொஃபைல் படத்தை யார் பார்க்கலாம் என்ற இரண்டிலும் "எனது தொடர்புகள்" என்று மாற்றச் சொல்லுங்கள், தெரியாத நம்பரிலிருந்து வரும் கால்களைச் சைலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள், "என்ன தப்பு நடந்திருந்தாலும் போனைப் பிடுங்க மாட்டேன், திட்ட மாட்டேன், வந்து சொல்லு" என்று. சொன்னபடி நடந்துகொள்வது கஷ்டம்தான்.

கேள்வி: டெலிகிராம் ரொம்பப் பாதுகாப்பானது என்கிறார்களே?

அதில் சாதாரண சாட்டும் குரூப்பும் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷனில் இல்லை, கம்பெனியின் சர்வரில்தான் இருக்கின்றன. "சீக்ரெட் சாட்" என்பதை நீங்களே தொடங்கினால்தான் அந்தப் பூட்டு, அதுவும் இரண்டு பேருக்கு இடையில் மட்டும். சேனல் படிக்க நல்ல ஆப், ரகசியம் பேச அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு பூட்டு இருந்தும் என் தோழியின் கணக்கைத் திருடிவிட்டார்கள். எப்படி?

பூட்டை யாரும் தொடவில்லை, சாவியைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். "தப்பா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்கக் கோடு வந்துருச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்பார்கள், தெரிந்தவரின் கணக்கு முந்தின நாளே போயிருக்கும். அந்தக் கோடு கிடைத்தால் உங்கள் கணக்கை அவர்கள் போனில் திறந்துவிடுவார்கள்.

இன்னொரு வழி லிங்க்டு டிவைசஸ், அதாவது உங்கள் கணக்கை வேறு கருவிகளிலும் திறந்து வைக்கும் வசதி. சில மாதம் முன்பு என் அத்தை, தான் திறக்கும் முன்பே சில செய்திகளுக்கு நீல டிக் விழுந்துவிடுகிறது, அனுப்பியவர்கள் ஏன் பதில் போடவில்லை என்று கோபிக்கிறார்கள் என்று சொன்னார். போனை வாங்கி அந்தப் பட்டியலைத் திறந்தேன். அதில் ஒரு கம்ப்யூட்டர் பிரவுசர், கடைசியாகப் பயன்படுத்தியது அன்று காலை. அத்தையிடம் கம்ப்யூட்டரே கிடையாது. எப்போதோ ஒரு கடையில் பிரிண்ட் எடுப்பதற்காக கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு லாக் அவுட் செய்யாமல் வந்திருக்கிறார். அதைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தேன், போய்விட்டது. கெட்ட எண்ணத்தோடு யாரும் திறந்தார்களா, கடைக்காரர் கவனிக்காமல் விட்டதா, தெரியாது. ஆனால் அத்தனை நாளும் அத்தையின் சாட்டுக்கு இன்னொரு சாவி இருந்திருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் போனிலும் தோழியின் போனிலும் அந்தப் பட்டியலைப் பாருங்கள். அடையாளம் தெரியாதது எதுவாக இருந்தாலும் வெளியே தள்ளுங்கள். அப்புறம் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்க பின் ஒன்று போடுங்கள், பிறந்த தேதி வேண்டாம். அதிலேயே ஈமெயில் கேட்கும், தவிர்க்காமல் கொடுங்கள், பின் மறந்துபோனால் அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.